சேகண்டி அடிச்சா சாவு, கிண்ணம் தட்டினா தியானமா?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியும் சரிசெய்தும் தந்திருக்கிறோம்.)

[கிண்ண ஓசை]

இப்ப நீங்க கேட்டது ஒரு வெண்கலக் கிண்ணம். சிங்கிங் பவுல்னு சொல்றாங்கல்ல, அதான். 18 சென்டிமீட்டர் அகலம். நம்ம ஷோ கேக்குறவங்க பல பேர், "வீட்டுல தியானம் பண்ண கிண்ணம் வாங்கலாமா, காங் வாங்கலாமா, விண்ட் சைம் போதுமா? இதெல்லாம் நிஜமாவே வேலை செய்யுமா?"ன்னு கேட்டிருந்தீங்க. நான் மூணையும் வாங்கிப் பார்த்தவன். அதுல ஒண்ணை வாங்கி நல்லா மாட்டிக்கிட்டவன். அங்கேருந்தே ஆரம்பிக்கிறேன்.

காலைல அஞ்சே கால் மணி

போன வருஷம் எனக்குத் தூக்கமே வராத ஒரு காலம் இருந்துச்சு. அப்ப நான் வில்லியனூர்ல எங்க வீட்டுலேருந்தே வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். ஆன்-கால் டூட்டி இல்லாத நாள்லயும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடும். போனை எடுத்துப் பார்ப்பேன். மிஸ்டு கால் எதுவும் இருக்காது. ஆனாலும் பார்ப்பேன். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

தியானம் பண்ணுனு எல்லாரும் சொன்னாங்க. நானும் ரீல்ஸ் பார்த்து, ஆன்லைன்ல ஒரு சின்ன காங் ஆர்டர் பண்ணேன். 30 சென்டிமீட்டர் வெண்கலத் தட்டு, மர ஸ்டாண்ட், பஞ்சு சுத்தின கட்டை. வந்த மறுநாள் விடியக்காலை அஞ்சே காலுக்கு ஹால்ல உக்காந்து ஒரு அடி அடிச்சேன்.

சத்தம் அடங்கறதுக்குள்ள உள் ரூம் கதவு திறந்துச்சு. ஆயா. தலைமுடி அவுந்து கிடக்குது, சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. "யாருப்பா போயிட்டாங்க?"ன்னு கேட்டாங்க.

எங்க ஊர்ப்பக்கம் சாவு வீட்டுல சங்கு ஊதி சேகண்டி அடிப்பாங்க. தெரியாதவங்களுக்கு: சேகண்டிங்கிறது கயித்துல தொங்கவிட்ட தடியான வெண்கலத் தட்டு, கட்டையால தட்டுவாங்க. சேமக்கலம்னும் சொல்வாங்க. நான் பல ஆயிரம் ரூபா குடுத்து வாங்கின சமாச்சாரமும் ஒரு வெண்கலத் தட்டுதான். அதையும் கட்டையாலதான் தட்டணும். தாத்தா செத்து அப்ப மூணு மாசம்தான் ஆகியிருந்துச்சு. பாகூர் பக்கத்து கிராமத்துல தனியா இருக்க வேணாம்னு ஆயாவை அம்மா எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. அந்த வீட்டுலதான் நான் விடியக்காலைல சேகண்டி அடிச்சு வெச்சேன்.

காங்கைத் துணில சுத்திப் பரண்ல போட்டேன். அதுக்கப்புறம்தான் ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். இந்தச் சத்தம் என்ன பண்ணுது, ஏன் பண்ணுது, எதுல பண்ணுது?

ஒரு தட்டுக்குள்ள பல சத்தம்

கிட்டார் கம்பியைத் தட்டினா ஒரு அடிப்படை அதிர்வு வரும். அதோட சேர்ந்து அதோட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு, நாலு மடங்குனு முழு எண் கணக்குல மத்த அதிர்வுகளும் வரும். நம்ம காது அதையெல்லாம் ஒண்ணா சேர்த்து ஒரே ஸ்வரம்னு எடுத்துக்கும்.

உலோகக் கிண்ணம் அப்படியில்ல. அடிப்படை அதிர்வுக்கு அடுத்தது சுமார் 2.8 மடங்கு. அதுக்கடுத்தது அஞ்சு மடங்குக்கு மேல. முழு எண்ணா வராது. அதனால காது அதை ஒரே ஸ்வரமா மூட்டை கட்ட முடியாம, கீழ ஒரு சத்தம், மேல ஒரு சத்தம்னு தனித்தனியா கேக்கும். என் கிண்ணத்தை போன்ல ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டுப் பார்த்தேன். மேல் சத்தம் சில விநாடில போயிடுது. கீழ இருக்கிறது ரொம்ப நேரம் நிக்குது.

அடுத்தது அந்த "வூம்… வூம்…"னு அலையடிக்கிற விஷயம். எந்தக் கிண்ணமும் கச்சிதமான வட்டம் கிடையாது. ஒரு பக்கம் துளி தடிமனா இருக்கும். அதனால ஒரே அதிர்வு ரெண்டாப் பிரியும். உதாரணத்துக்கு ஒண்ணு 200 ஹெர்ட்ஸ், இன்னொண்ணு 201 ஹெர்ட்ஸ்னு வெச்சுக்குங்க. ரெண்டும் சேர்ந்து, விலகி, சேர்ந்து… விநாடிக்கு ஒரு தடவை சத்தம் ஏறி இறங்கும். இதை விம்மல்னு பள்ளிக்கூட இயற்பியல்ல படிச்சிருப்போம். சுத்தியலால அடிச்சுப் பண்ற கிண்ணத்துல இருக்கிற அந்தச் சின்னக் குறைதான் அதோட அழகு.

கட்டையை விளிம்புல சுத்தினா பாடுறது வயலின் வில் வேலை செய்யற மாதிரிதான். கட்டை விளிம்பை லேசா புடிக்கும், வழுக்கும், திரும்பப் புடிக்கும். 2011-ல டெனி டெர்வான், ஜான் புஷ்னு ரெண்டு விஞ்ஞானிங்க இந்தக் கிண்ணத்துல தண்ணி ஊத்தி, அதிர்வு அதிகமாகும்போது துளிகள் மேல தெறிச்சு, தண்ணி மேலேயே குதிக்கிறதைப் படமெடுத்து ஒரு கட்டுரையே எழுதியிருக்காங்க.

காங் இன்னொரு ரகம். தகடு மெலிசு, பரப்பு பெருசு. மெதுவா தட்டினா "ம்ம்ம்"னு நிக்கும். ஓங்கி அடிச்சா, கீழ் அதிர்வுல இருக்கிற சக்தி மெதுவா மேல் அதிர்வுகளுக்குத் தாவும். அதனாலதான் அடிச்ச அந்த நொடியைவிட அதுக்கடுத்த நொடில சத்தம் பொங்கி வர்ற மாதிரி இருக்கும். பெரிய ஹால்ல சிலிர்க்க வைக்கும். பக்கத்து வீட்டோட சுவர் ஒட்டின வீட்டுல? எங்க கதையே கேட்டீங்களே.

ஈயச் சொம்பும் ஆதிச்சநல்லூரும்

"ஏழு உலோகக் கிண்ணம், ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு கிரகம்"னு விக்கிறாங்க. சோதனை பண்ணிப் பார்த்தா பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும்தான் இருக்கும். சுமாரா நாலு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். மணி வார்க்கிற வெண்கலமும் இதே கணக்குதான். வெள்ளீயம்னா வேற எதுவும் இல்ல, வீட்டுல ரசம் வைக்கிற ஈயச் சொம்பு. தனியா அது மெத்துனு இருக்கும், தட்டினா சத்தமே வராது. செம்போட சரியான அளவுல சேர்ந்தா கெட்டியாகி, உள்ளுக்குள்ள அதிர்வைத் தின்னாம ரொம்ப நேரம் ஒலிக்க விடும். ஆனா கெட்டியான அளவுக்கு நொறுங்கவும் செய்யும். கீழ போட்டா விரிசல் விழும், அத்தோட சத்தம் போயிடும்.

இந்தக் கலவை இமயமலைலேருந்து வந்த ரகசியமும் இல்ல. தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூர்ல, நீலகிரில, இரும்புக் காலத்துப் புதைகுழிகள்ல இதே மாதிரி வெள்ளீயம் அதிகமான வெண்கலக் கிண்ணங்கள் கிடைச்சிருக்கு. செத்தவங்களோட சேர்த்து வெச்சுப் புதைச்ச கிண்ணம். அதைப் படிச்சப்போ எனக்கு ஆயா சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னதுதான் ஞாபகம் வந்துச்சு.

"பழமையான திபெத்திய சிகிச்சை"ங்கிற பேரும் அப்படித்தான். 1972-ல ஹென்றி வுல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் ரெண்டு பேரும் வெளியிட்ட 'டிபெட்டன் பெல்ஸ்' ஆல்பத்துக்குப் பிறகுதான் மேற்கத்திய நாடுகள்ல இந்தக் கிண்ணத்துக்குப் பெரிய மவுசு வந்துச்சு. இதனால கிண்ணம் மட்டம்னு அர்த்தமில்ல. கூட ஒட்டின லேபிளை நம்பி அதிக காசு குடுக்காதீங்க, அவ்ளோதான்.

அப்ப வேலை செய்யுதா இல்லையா?

2016-ல கலிஃபோர்னியால 62 பேரை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. கிண்ணம், காங் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர ஒலி தியானம். முடிஞ்சப்போ இறுக்கம், கோபம், களைப்பு எல்லாம் குறைஞ்சதா அவங்களே சொன்னாங்க. ஆனா ஒப்பிட்டுப் பார்க்க வேற குழு இல்ல. சத்தமே இல்லாம ஒரு மணி நேரம் பாய்ல படுத்திருந்தாலும் இறுக்கம் குறையும்ல? நம்ம மொழில சொன்னா, கண்ட்ரோல் இல்லாத ஏ-பி டெஸ்ட். அதனால "இந்த ஹெர்ட்ஸ் கல்லீரலுக்கு, இந்த ஹெர்ட்ஸ் சோகத்துக்கு"னு யாராச்சும் சொன்னா நகர்ந்துடுங்க.

எனக்குப் புரிஞ்ச காரணம் இதைவிட எளிமையானது. கிண்ணத்தைத் தட்டுறீங்க. சத்தம் ஒவ்வொரு விநாடியும் குறையுது. அடுத்த விநாடியும் அது கேக்கணும்னா, இந்த விநாடியைவிட இன்னும் கூர்மையா கேக்கணும். அதாவது, சத்தம் குறையக் குறைய உங்க கவனம் ஏறுது. கடைசில "முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?"ன்னு சொல்ல முடியாத ஒரு இடம் வரும். அங்க மனசு வேற எங்கயும் போக முடியாது. மூச்சைக் கவனினு சொன்னா பத்து விநாடில ஜிரா டிக்கெட்டுக்கு ஓடிப்போற என் மனசு, இதுல நாப்பது விநாடி நிக்குது. நீண்டு தேயற எந்தச் சத்தமும் இதைப் பண்ணும். விலை முக்கியமில்ல.

வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் பிரான்ஸ்ல 1982-ல தொடங்கின பிளம் வில்லேஜ்ல, மணி அடிச்சா சமையல் பண்றவங்க, நடக்கிறவங்க எல்லாரும் நின்னு மூணு மூச்சு விட்டுட்டுத்தான் அடுத்த வேலை. எங்க ஊர்லயும் திருக்காமீசுவரர் கோயில் மணி இருக்கு, மாதா கோயில் மணி இருக்கு. மணி கேட்டதும் தெருவுல நடந்து போறவங்க ஒரு நொடி நின்னு கன்னத்துல போட்டுக்கிறதை நாம பார்த்துதானே வளர்ந்தோம்.

அதேசமயம் சத்தம் கட்டாயமும் இல்ல. எங்க வீட்டுலேருந்து பைக்ல போற தூரத்துல ஆரோவில். 2008-ல கட்டி முடிச்ச மாத்ரிமந்திரோட உள்ளறைல இசை கிடையாது, ஊதுவத்தி கிடையாது, பூ கிடையாது. வெள்ளைச் சுவர், நடுவுல ஒரு பளிங்குக் கோளம், அமைதி. அதே ஆரோவில்லதான் 2003-லேருந்து 'ஸ்வரம்'னு ஒரு பட்டறை சுத்துப்பட்டு கிராமத்துப் பசங்களைப் பழக்கி சைம், காங், ஒலிக்கற கல்லுனு விதவிதமா செய்யுது. ஒரே இடத்துல ரெண்டும் இருக்கு. ஒலி ஒரு வாசல். சில பேருக்கு அது தேவைப்படும், சில பேர் நேரா உள்ள போயிடுவாங்க.

வாங்கறதுன்னா இப்படி வாங்குங்க

முதல்ல வீட்டுல இருக்கிறவங்களைக் கேளுங்க. இது மரியாதைக்காக மட்டும் சொல்லல. ஒரே சேகண்டி கோயில்ல அடிச்சா பூஜை, தெருவுல சங்கோட சேர்ந்து வந்தா சாவு. ஒவ்வொரு காதுக்கும் ஒரு பழைய கதை இருக்கு. அந்தக் கதைக்கு முன்னாடி ஹெர்ட்ஸ் நிக்காது.

கிண்ணம்: வீட்டுக்கு 12-லேருந்து 18 சென்டிமீட்டர் போதும். வில்லியனூர் மண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கு, தெரியும்ல? அங்க ஆயா பானை வாங்கும்போது சுண்டிப் பார்த்து, காதுகிட்ட வெச்சுக் கேட்டுத்தான் வாங்குவாங்க. கிண்ணத்துக்கும் அதே சோதனைதான். கரகரப்பு இருந்தா விரிசல், வேணாம். சின்ன மெத்தை மேல வைங்க, இல்லனா விரலை நீட்டி உள்ளங்கைல வைங்க. விரல் பக்கவாட்டுல பட்டா சத்தம் செத்துடும். பஞ்சுக் கட்டையால விளிம்புக்குக் கொஞ்சம் கீழ மெதுவா தட்டுங்க.

சைம்: காத்துல தானா அடிக்கிற சைம் தியானத்துக்கு அவ்வளவா ஒத்து வராது. அடுத்து எப்ப அடிக்கும்னு மனசு காத்துக்கிட்டே இருக்கும். பால்கனில மாட்டினா ராத்திரி பக்கத்து வீட்டுக்காரங்க தூக்கமும் போகும். கையால தட்டுற ஒத்தைக் குழாய் நல்லது, அதை நீங்களே செய்யலாம். ஹார்டுவேர் கடைல 60 சென்டிமீட்டர் அலுமினியக் குழாய் வாங்குங்க. மேல் முனைலேருந்து நீளத்துல 22.4 சதவீதத்துல, அதாவது 13.4 சென்டிமீட்டர்ல ஓட்டை போட்டுக் கட்டுங்க. குழாய் அதிரும்போது அந்தப் புள்ளி அசையாம இருக்கும். அங்க கட்டினா கயிறு அதிர்வை உறிஞ்சாது. குழாய் முனைலயே கட்டினீங்கன்னா "டங்"னு செத்துடும். அதே சத்தம் ஒரு ஸ்தாயி மேல வேணும்னா நீளத்தைப் பாதியாக்கக் கூடாது, 42.4 சென்டிமீட்டர் போதும். பாதியாக்கினா ரெண்டு ஸ்தாயி ஏறிடும். நீளத்தோட வர்க்கத்துக்கு எதிர் விகிதத்துல அதிர்வெண் மாறுது, அதான் கணக்கு. வில்லியனூர் மண் சைமும் அழகா இருக்கும், ஆனா சத்தம் "டொக்"குனு உடனே நின்னுடும். வாசலுக்கு நல்லது, இந்தப் பயிற்சிக்கு ஆகாது.

காங்: தனி வீடு, பெரிய ரூம், யாருக்கும் ஆட்சேபம் இல்லைன்னா மட்டும்.

பயிற்சி அஞ்சு நிமிஷம்தான். ஃபேனை நிறுத்துங்க. என் கிண்ணம் ஃபேன் ஓடினா பதினஞ்சு விநாடிதான் கேக்குது, நிறுத்தினா நாப்பது. ஒரு தட்டு, சத்தம் போற வரைக்கும் கூடவே போங்க. போன பிறகு மூணு மூச்சு சும்மா இருங்க. அப்புறம் அடுத்த தட்டு. அஞ்சாறு தட்டுல முடிஞ்சுது.

காதுல இரைச்சல் இருக்கிறவங்க, சத்தம் பட்டாலே தலைவலி வர்றவங்க இதைத் தொடாதீங்க. கிண்ணத்தைக் காதுகிட்ட வெச்சு அடிக்காதீங்க. வாரக்கணக்கா தூக்கம் வரலைன்னா டாக்டரைப் பாருங்க. நான் பார்த்தேன். கிண்ணம் அதுக்குப் பதில் கிடையாது, அதோட சேர்த்து.

பரண்ல இருந்த காங்

ஏன் ராத்திரி ரெண்டு மணிக்குப் போனைப் பார்ப்பேன்னு சொல்றேன்னு சொன்னேன்ல. தாத்தா செத்த அன்னிக்கு நான் சென்னைல இருந்தேன். ராத்திரி முழுக்க ஒரு ரிலீஸ். காலைல முடிச்சுட்டு போனை சைலண்ட்ல போட்டுட்டுத் தூங்கிட்டேன். எழுந்தப்போ 14 மிஸ்டு கால். பஸ் புடிச்சு ஊருக்குப் போய்ச் சேரும்போது எடுத்துட்டாங்க. வாசலைத் தண்ணி ஊத்திக் கழுவிட்டிருந்தாங்க. சங்கும் சேகண்டியும் நான் கேக்கவே இல்ல. யாரும் என்னைத் திட்டவும் இல்ல.

தாத்தாவோட முதல் வருஷத் திவசம் முடிஞ்ச சாயந்தரம், ஆயா என்கிட்ட வந்து, "அந்தத் தட்டை எடுப்பா"ன்னாங்க. அம்மா, "வீட்டுக்குள்ள வேணாம்மா"ன்னாங்க. கொல்லைக்குக் கொண்டு போனோம். பக்கத்து வீட்டு அக்காகிட்ட முன்கூட்டியே சொல்லிட்டோம். ஆயா துணி துவைக்கிற கல்லு மேல உக்காந்துக்கிட்டாங்க.

"அன்னிக்கி நீ கேக்கலியே. ஒரு தரம் அடி."

ஒரு தரம்தான் அடிச்சேன், மெதுவா. அது தேஞ்சு தேஞ்சு, தென்னை ஓலைச் சத்தத்துல கலந்து, எப்ப முடிஞ்சுதுன்னு தெரியல. ஆயாதான் முதல்ல எழுந்தாங்க. "போதும், மேல வெச்சுடு"ன்னாங்க.

காங் இப்பவும் பரண்லதான் இருக்கு. தினமும் காலைல நான் தட்டுறது கிண்ணத்தைத்தான். அந்தச் சத்தம் ஆயாவுக்குப் பிரச்சனை இல்ல, "ஏதோ டம்ளர் தட்டுறான்"ங்கிறாங்க. ராத்திரி முழிப்பு இன்னும் சில நாள் வரும். ஆனா போனை எடுக்கிறது குறைஞ்சிருக்கு.

உங்க வீட்டுல இந்த மாதிரி ஒரு சத்தம் இருந்தா, அதை ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. அனுப்பறதுக்கு முன்னாடி வீட்டுல பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.

[கிண்ண ஓசை]